பையில் என்ன இருக்கிறது?

ஜாவா நிரல் ஒன்றைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் கிளாஸ் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளை ஹெக்ஸில் படித்தால் 'கஃபே பேப்' என்று வரும். ஜாவாவை உருவாக்கியவர்கள் வைத்துவிட்டுப் போன வேடிக்கை. அதற்குப் பிறகு வரும் எதுவும் மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் படிக்கலாம். சில சமயம் படித்தே ஆகவேண்டும்.

ராஜபாளையத்தில் என் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அனுப்பியவர் அவரோடு மில்லில் வேலை பார்த்தவர். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தது. அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில் மாந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்திப் போனை நீட்டினார். "ஏப்பா, இதத் தொறக்கலாமா? தெரிஞ்ச ஆளுதான்."

"தொறக்காதீங்க சித்தப்பா. எனக்கு அனுப்பிவிடுங்க."

அன்று ராத்திரி லேப்டாப்பில் பிரித்தேன். ஏபிகே என்பது ஒரு ஜிப் பொட்டலம்தான். உள்ளே இருக்கும் டெக்ஸ் கோப்பை, ஜேடெக்ஸ் போன்ற கருவி மறுபடி ஜாவா மாதிரி எழுதிக் காட்டும். எழுதியவர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. ஏ, பி, சி என்று சுருங்கிக் கிடக்கும். அதனால் முதலில் மேனிஃபெஸ்டைப் பார்த்தேன். நிரல் என்னென்ன அனுமதி கேட்கிறது என்ற பட்டியல் அதில்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் படிக்க என்ன வேலை? போன் ஆன் ஆனதும் தானாக எழுந்துகொள்ள என்ன அவசரம்? உள்ளே மண்டபமும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. எஸ்எம்எஸ் வந்ததும் விழித்து, அதை அப்படியே இணையத்தில் ஒரு முகவரிக்கு அனுப்பும் ஒரு கிளாஸ் இருந்தது. வங்கி அனுப்பும் ஓடிபியும் எஸ்எம்எஸ்தானே.

1995இல் ஜாவா வந்தபோது கொடுத்த வாக்குறுதி, முகம் தெரியாதவர் எழுதிய நிரலையும் பயமில்லாமல் ஓட்டலாம் என்பது. அதற்காகவே வெரிஃபையர் என்றொரு காவலாளியை வாசலில் நிறுத்தினார்கள். வகைகள் பொருந்துகின்றனவா, ஸ்டாக் வழிகிறதா, தாவக்கூடாத இடத்துக்குத் தாவுகிறதா என்று அது பார்க்கும். ஆண்ட்ராய்டிலும் அப்படியொரு சோதனை உண்டு. இந்தத் திருட்டு நிரல் அதில் தேறிவிடும். அதில் இலக்கணப் பிழையே கிடையாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைத் தப்பாமல் தீர்ப்புச் சொல்லும் பொதுவான ஒரு நிரலை எழுதவே முடியாது என்று 1953இலேயே ரைஸ் என்ற கணிதவியலாளர் நிறுவிவிட்டார்.

அப்புறம் என்னதான் செய்வது? அய்யனார் கோவில் காடு 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சாவடியில் நிற்கும் வனக்காவலருக்கு உங்கள் மனசைப் படிக்கத் தெரியாது. பையைத் திறக்கச் சொல்வார். சாமி கும்பிடப் போறேன் என்கிறவர் பையில் பிராந்தி பாட்டில் எதுக்கு? நானும் அந்த ராத்திரி அதைத்தான் செய்தேன். சொல்கிற காரணத்துக்கும் சுமந்து வருகிற சாமானுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது.

மறுநாள் காலையில் விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "பத்திரிகை வச்சவன்கிட்ட எப்படிப்பா சந்தேகமா கேக்குறது?" என்றவர், கடைசியில் நண்பருக்குப் போன் போட்டார். நண்பருக்கு ரெண்டும் பையன்கள், ரெண்டு பேருக்கும் எப்பவோ கல்யாணம் ஆகிவிட்டது. அவருக்கும் யாரிடமிருந்தோ இதே மாதிரி பத்திரிகை வந்து, தொட்டிருக்கிறார். அவர் வாட்ஸ்அப் இப்போது அவர் கையில் இல்லை. 1930க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லச் சொன்னோம்.

எவ்வளவு போச்சு என்று சித்தப்பா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "சாயங்காலம் வாரேன், வீட்லயே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.