டீத்தூள் மிதக்கும் என்று சொன்ன பையனுக்கு



பாஸ்டனில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. "போட்டோ போடுங்க டீச்சர்" என்று பலரும் கேட்டீர்கள். கட்டாயம் போடுகிறேன். அதற்கு முன் இந்த ஊர் எனக்கு ஞாபகப்படுத்திய ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

எட்டாம் வகுப்பில் கிழக்கிந்தியக் கம்பெனி பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தில் இல்லாத ஒரு கதை சொல்வேன், நினைவிருக்கிறதா? நம்மை ஆண்ட அதே கம்பெனியின் தேயிலையை, 1773 டிசம்பர் 16 ராத்திரி, பாஸ்டன் ஊர்க்காரர்கள் செவ்விந்தியர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு கப்பலேறி கடலில் கொட்டிய கதை. மூன்று கப்பல், 342 பெட்டி. "அமெரிக்க சுதந்திரப் போருக்கு அதுதான் பிள்ளையார் சுழி" என்று கைதட்டி முடிப்பேன். நீங்களும் தட்டுவீர்கள்.

ஒரு வருஷம் மட்டும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவனுக்கே தெரியும். அவன் அப்பா டீக்கடை வைத்திருந்தார். "டீச்சர், டீத்தூள் உடனே முங்காது. நனைஞ்சு ஊறி மேலயே மொதக்கும். அவ்ளோ தூளையும் என்ன பண்ணாங்க? இப்பப் போனா அந்த எடத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "கடல்ல கொட்டினது கடலோட போச்சு. கடல் கடலாத்தான் இருக்கும், உக்காரு" என்றேன். அன்றிலிருந்து அவனுக்கு "டீத்தூள்" என்று பெயர் விழுந்தது. பையன்கள் வைத்த பெயர்தான். ஆனால் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒன்றிரண்டு தடவை நானும் அப்படிக் கூப்பிட்டேன். எட்டாவதோடு அவன் நின்றுவிட்டான். அதற்கு வீட்டுச் சூழ்நிலைதான் காரணம். ஆனாலும் அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை, "வாங்க அத்தை, நீங்க பாடம் நடத்தின இடத்தைக் காட்டுறேன்" என்று கூட்டிப் போனார். கால்வாய் ஓரம் ஒரு அருங்காட்சியகம். பழைய கப்பல்களைப் போலவே செய்து நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கித் தண்ணீரில் எறியலாம். பெட்டிக்குக் கயிறு கட்டியிருக்கிறது, எறிந்ததும் இழுத்து வைத்துக்கொள்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. நானும் ஒன்று எறிந்தேன், மறைப்பானேன்.

அங்கே வழிகாட்டிப் பெண் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி கடல் வற்றம். கப்பலடியில் தண்ணீரே கொஞ்சம்தான். கொட்டக் கொட்டத் தேயிலை வைக்கோல் போர் மாதிரி குவிந்து, கப்பல் மட்டத்துக்கு வந்துவிடும்போல் ஆகியிருக்கிறது. தள்ளித் தள்ளி விட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் துறைமுகம் பூராவும் தேயிலை மிதக்கிறது. யாராவது அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்று படகில் போய்த் துடுப்பால் அடித்து அடித்து முக்கியிருக்கிறார்கள். மொத்தம் சுமார் 92,000 பவுண்டு, நம் கணக்கில் நாற்பது டன்னுக்கு மேல்.

அந்தப் பையன் சொன்னது அப்படியே சரி. டீக்கடையில் கண்ணால் பார்த்ததை வைத்து அவன் பேசினான். புத்தகத்தில் ஒரு வரி படித்துவிட்டு நான் பேசினேன்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். அது இந்தியத் தேயிலை என்று சொல்லி வந்தேன். இல்லை, அத்தனையும் சீனத் தேயிலை. 1773-ல் நம் நாட்டில் கம்பெனிக்குத் தேயிலைத் தோட்டமே கிடையாது. அதோடு, அந்த வருஷச் சட்டத்தால் தேயிலை விலை ஏறவில்லை, குறையத்தான் இருந்தது. தேங்கிக் கிடந்த சரக்கை விற்கக் கம்பெனிக்குக் கொடுத்த சலுகை அது. ஆனால் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே நின்றது. எங்களைக் கேட்காமல் வரி போட நீ யார் என்பதுதான் சண்டை. உள்ளூர் வியாபாரிகளுக்குப் பிழைப்புப் போகும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. பதிலுக்கு லண்டன் அரசு 1774 ஜூன் முதல் தேதி துறைமுகத்தையே இழுத்து மூடியது. கப்பலை நம்பிய ஊருக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? மற்ற காலனிக்காரர்கள் தானியமும் ஆடும் அனுப்பி வைத்தார்களாம்.

சரி, அவனுடைய இரண்டாவது கேள்வி. "இப்ப அந்த எடத்துல என்ன இருக்கும்?"

ரோடு இருக்கிறது.

அருங்காட்சியகம் இருப்பது உண்மையான இடமில்லை. கிரிஃபின்ஸ் வார்ஃப் என்ற அந்தப் பழைய கப்பல்துறை, காங்கிரஸ் தெருவும் பர்ச்சேஸ் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே நடந்து போனோம். பெரிய பெரிய கட்டடங்கள், சிக்னல், கார்கள். காலுக்குக் கீழே சிமெண்ட். கடல் கடலாத்தான் இருக்கும் என்று நான் அடித்துச் சொன்ன கடலைக் காணோம்.

இந்த ஊரின் குணமே அதுதான் என்று பிறகு புரிந்தது. 1630-ல் இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன்கள் குடியேறியபோது இது ஒரு சின்னத் தீபகற்பம். கரையோடு சேர்த்தது ஒரு குறுகிய நிலத்துண்டு மட்டும். கப்பல் பெருகி ஜனம் பெருகியதும் இடம் போதவில்லை. பீக்கன் குன்றின் உச்சியை அறுபது அடி போல வெட்டி, பக்கத்தில் இருந்த மில் குளத்தைத் தூர்த்தார்கள். மூன்று குன்றுகள் இருந்ததால் வந்த பெயர்தான் ட்ரெமாண்ட் தெரு. பெயர் இருக்கிறது, அந்தக் குன்றுகளில் மிச்சம் கொஞ்சம்தான். (குளத்தைத் தூர்ப்பது நம்ம ஊர்க்காரர்கள் மட்டும் செய்யும் காரியம் என்று நினைத்திருந்தேன்.) அப்புறம் 1850-களின் கடைசியில் பேக் பே என்ற சேற்று வளைகுடாவைத் தூர்க்க ஆரம்பித்தார்கள். நீடம் என்ற ஊரிலிருந்து ரயிலில் சரளை மண் இரவும் பகலும் வந்தபடி இருந்ததாம். முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த வேலை. நான் வந்து இறங்கிய விமான நிலையமும் கடலைத் தூர்த்த இடம்தான்.

மண் போட்ட இடத்தில் கட்டடம் எப்படி நிற்கும்? மரக்கம்பங்களை அடித்து இறக்கி, அதன் தலைமேல் கட்டியிருக்கிறார்கள். டிரினிட்டி சர்ச் என்ற பெரிய கல் கோயில் மட்டும் சுமார் 4,500 கம்பத்தின் மேல் நிற்கிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் பட்டால் உளுத்துவிடும். அதனால் ஊருக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அளவுக் கிணறுகள் போட்டு, தண்ணீர் மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பயப்படும் ஊர் பார்த்திருக்கிறேன். காலடியில் தண்ணீர் குறைந்தால் பயப்படும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

சென்னையில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று. மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, பழைய ஐஸ் ஹவுஸ், அது இந்த ஊர் வியாபாரத்துக்காகக் கட்டியது. ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் கிளம்பி, நாலு மாசம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது 100 டன் போல மிச்சம் இருந்ததாம். சென்னைக் கிடங்கு 1842-ல் வந்தது. டி.டி.சி. படித்த காலத்தில் அந்த பஸ் நிறுத்தத்தில் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், பெயர் ஏன் அப்படி என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

எல்லாம் பெருமை இல்லை. சுதந்திரத்தின் தொட்டில் என்று இவர்கள் கொண்டாடும் ஃபானுயில் மண்டபத்தை ஊருக்குக் கட்டிக் கொடுத்தவர் அடிமை வியாபாரத்திலும் சம்பாதித்தவர். 1840-களில் சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, வழியில் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டித் தன் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அவள் அப்பா வழக்குப் போட்டுத் தோற்றார். 1855-ல்தான் மாநிலம் சட்டம் போட்டு அந்தப் பிரிவினையைத் தடை செய்தது. அப்புறமும் 1974-ல் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பள்ளிப் பேருந்துகள் மேல் இதே ஊரில் கல் எறிந்திருக்கிறார்கள். அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். இதில் எதையும் உங்களுக்கு நான் சொன்னதில்லை, எனக்கே தெரியாது.

அந்தத் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றேன். மாப்பிள்ளை, "என்ன அத்தை, முடியலையா?" என்று கேட்டார். "ஒரு பையன் ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

தம்பி, நீ சொன்னதுதான் சரி. அன்றைக்கு உன்னை உட்காரச் சொன்னதற்கும், அந்தப் பெயரில் கூப்பிட்டதற்கும் மன்னித்துக்கொள். சிரித்த மற்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

உன் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாறிவிட்டது என்று உன் செட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள். ஆடி பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். எனக்கு இப்போது சுகர், சர்க்கரை இல்லாமல் ஒரு டீ போட்டு வை.