முகமா, மூட்டா?

1999-இல் ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபி பொம்மையைக் கொண்டுவந்த காலத்து ரசிகர்கள் முதல் இன்று வாங்குபவர்கள் வரை, பந்துமூட்டுப் பொம்மைப் பிரியர்களுக்கு, முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதா, மூட்டைப் பார்த்தா என்ற இந்தக் கேள்வி உண்டு. ரெசின் உடலுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிற்றின் இறுக்கம்தான் பொம்மையை நிற்கவைக்கிறது. இரட்டை மூட்டு என்றால் அழகாக மண்டியிடும், கன்னத்தில் கைவைக்கும். ஆனால் காலின் வளைவு நடுவே வெட்டுப்பட்டுத் தெரியும்.

நான் முகத்தின் பக்கம். மூட்டுக்குள் ஸ்வேட் தோல் ஒட்டினால் வழுக்கல் குறையும், கயிற்றை இறுக்கலாம், ரெசின் நிறமும் கழுத்தளவும் பொருந்தினால் வேறு உடலே மாட்டலாம். விழி, விக், ஒப்பனைகூட மாற்றக்கூடியவைதான். சிற்பி வடித்த மூக்கையும் உதட்டையும் என்ன செய்வது? அவை மனசுக்கு ஒட்டாவிட்டால், எப்படி உட்காரவைத்தாலும் எனக்குக் கேமராவை எடுக்கத் தோன்றுவதில்லை.