முளைப்பாரி சொல்லும் கணக்கு



என்னிடம் படித்த பிள்ளை ஒருவனுக்கு வேலை போய்விட்டது. கையிலிருக்கும் சேமிப்பைப் போட்டு, ஓர் அறைக்குள் கீரை வளர்த்து விற்கலாமா என்று கேட்கிறான். "விளைச்சலுக்கு எது முக்கியம் டீச்சர், உரமா, மண்ணா?" என்கிறான். எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

திருவாதவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முளைப்பாரி தெரியும். இருட்டறையில் வைத்த தானியம் சில நாளிலேயே நெடுநெடுவென்று வளர்ந்துவிடும். ஆனால் வெளிர்மஞ்சள் நிறம், வலுவில்லாத தண்டு. விதைக்குள் இருந்த உணவைச் செலவழித்து வெளிச்சத்தைத் தேடி நீண்ட உயரம் அது. விதையின் இருப்பு தீர்ந்தால் வளர்ச்சியும் நின்றுவிடும். உயரம் வேறு, விளைச்சல் வேறு.

ஆகவே வீட்டுக்குள் முதல் கேள்வி வெளிச்சம்தான். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். நம் கண் அதற்குப் பழகிக்கொள்ளும். இலைக்கு அது பட்டினி.

அடுத்தது காற்றோட்டம், வெப்பம், தண்ணீர், உரம். 1905இல் பிளாக்மன் என்ற அறிஞர் சொன்னதன் சாரம் இதுதான்: எது மிகக் குறைவோ, அதுவே வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தும். வெளிச்சம் போதாத செடிக்கு உரம் கொட்டிப் பயனில்லை. தண்ணீரை அதிகம் ஊற்றினால் வேர்தான் அழுகும்.

இனி பணக் கணக்கு. மூன்றடிக்கு மூன்றடிப் பாத்திக்கு 100 வாட் எல்.இ.டி. விளக்கு, தினம் 14 மணி நேரம் என்று வையுங்கள். மாதம் 42 யூனிட், இரண்டு மாதத்துக்கு 84. வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் நல்ல பங்கு அந்த ஒரு பாத்திக்கே போய்விடும். மொட்டைமாடியில் அதே வெளிச்சம் காசில்லாமல் கிடைக்கிறது; கோடையில் நிழல்வலை கட்டினால் போதும்.

அறைதான் உண்டு என்றால், விதையின் இருப்பிலேயே பெரும்பாலும் வளரும் வெந்தய முளைக்கீரை, கடுகு முளைக்கீரை சரிப்படும். ஜன்னலோரம் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் அறுக்கலாம். சிப்பிக் காளானும் சரிப்படும். அது செடியே இல்லை. அதற்கு உணவு வைக்கோல். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பி, சேமிப்பில் இப்போதைக்குக் கை வைக்காதே. ஒரே ஒரு தட்டு வை. விதை, மின்சாரம், அறுத்த எடை, விற்ற காசு எல்லாவற்றையும் இரண்டு மாதம் நோட்டில் எழுது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.