காலர் போட்ட சாக்ஸ் யானை

"புள்ளை ராத்திரியானா பயப்படுறான், ஏதாவது மருந்து இருக்கா டாக்டர்?" வாரத்துக்கு ஒரு அம்மாவாவது இதைக் கேட்கிறாங்க. இதுக்குன்னு சிரப் எதுவும் இல்லைங்க. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2023 மே 27, சனிக்கிழமை. அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ள புகுந்த நாள். அது தெருவுல ஓடுற வீடியோ கொஞ்ச நேரத்துல எல்லார் போன்லயும் வந்துருச்சு. 144 தடை உத்தரவும் போட்டாங்க. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? ஆறு வயசு மகளை மடியில வச்சுக்கிட்டு அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒரு டாக்டர் செய்யற வேலையா இது? செஞ்சேன். யானையால காயம்பட்ட ஒருத்தர் சில நாள்ல இறந்துட்டார். அதையும் அவ காதுல விழுற மாதிரிதான் பேசினோம்.

எங்க வீட்டுல பாத்ரூம் கொல்லைப்பக்கம். மகள் இருட்டினதுக்கு அப்புறம் அங்க போகவே மாட்டேன்னுட்டா. மூணு வயசுலயே நின்ன படுக்கையில ஒண்ணுக்குப் போற பழக்கம் திரும்ப வந்துருச்சு. முதல்ல யூரின் டெஸ்ட், சுகர் ரெண்டும் பார்த்தேன். (நீங்களும் பாருங்க. திடீர்னு படுக்கை நனைஞ்சா எல்லாத்தையும் பயத்து மேலயே போட்டுறக் கூடாது.) ரெண்டும் நார்மல்.

ஜூன் 5 அதிகாலை யானைக்கு மயக்க ஊசி போட்டு, லாரியில ஏத்தி, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. அப்பாடா, தீர்ந்துச்சுன்னு, "பிடிச்சுட்டுப் போயிட்டாங்கடா தங்கம், இனிமே வராது"ன்னேன்.

அவ என்னையே பார்த்தா. "ஏம்மா, போன தடவையும் பிடிச்சுட்டுத்தானே போனாங்க?"

என்ன பதில் சொல்ல? ஏப்ரல் கடைசியில சின்னக்கானல்ல பிடிச்சு, கழுத்துல ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்துல விட்ட யானைதான் ஒரே மாசத்துல மேகமலைப் பக்கம் சுத்திட்டு எங்க ஊருக்குள்ள வந்துச்சு. அவ சொன்னதுல தப்பே இல்லை. "பயப்படாதே, ஒண்ணும் இல்லை"ங்கிற வார்த்தை அன்னைக்கு என் வாய்லயே செத்துப்போச்சு.

அப்பதான் எப்பவோ படிச்ச ஒரு ஆய்வு ஞாபகம் வந்துச்சு. 2006 போர் நேரத்துல இஸ்ரேல்ல முகாம்ல இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு அவி சாதே என்ற உளவியலாளரும் குழுவும் ஒரு நாய் பொம்மையைக் கொடுத்தாங்க. "இது பயந்து போயிருக்கு, நீதான் பார்த்துக்கணும்"னு சொல்லிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான். பார்த்துக்கிட்ட பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைஞ்சது. 2008-ல அது பீடியாட்ரிக்ஸ் இதழ்ல வந்துச்சு.

நாங்க நாய் செய்யலை, யானை செஞ்சோம். மகளோட பழைய சாம்பல் கலர் ஸ்கூல் சாக்ஸ் ஒண்ணு. அவ அப்பத்தா பழைய தலையணையைப் பிரிச்சு இலவம்பஞ்சு எடுத்துக் கொடுத்தாங்க. (போடி பக்கத்துல இருந்துக்கிட்டு பஞ்சை கடையில வாங்கினா ஊரே சிரிக்கும்.) பஞ்சை அடைச்சு நடுவுல நூலால இறுக்கிக் கட்டினா தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். விரல் பக்கத்தை மட்டும் ஒல்லியா முறுக்கித் தைச்சா தும்பிக்கை. காது பழைய பாவாடைத் துணி. கொம்புக்கு வெள்ளை நாடா. தைச்சது நான், பஞ்சு அடைச்சது முழுக்க அவ. வீடெல்லாம் பஞ்சு பறந்து அப்பத்தாவுக்கு மூணு நாள் தும்மல்.

முடிச்சதும் அவளே போய் தன்னோட சிவப்பு ஹேர் பேண்டை எடுத்துட்டு வந்து கழுத்துல மாட்டினா. "ரேடியோ காலர். எங்க போனாலும் எனக்குத் தெரியும்." இது எனக்குத் தோணவே இல்லை.

அன்னைக்கு ராத்திரி சொன்னேன்: "பாவம், இதைக் காடு காடா மாத்திட்டாங்க. புது இடத்துல தூக்கம் வராது. நீதான் தூங்க வைக்கணும்." தட்டிக்கொடுத்தா. அரிசியும் வெல்லமும் பிடிக்குமான்னு கேட்டா. நாலாவது நாள் ராத்திரி டார்ச்சும் யானையுமா எழுந்து நின்னா. "இதுக்கு ஒண்ணுக்கு வருதாம், பயமா இருக்காம். நீ கதவுகிட்ட நில்லு."

மேஜிக் எல்லாம் இல்லைங்க. அதுக்கப்புறமும் நாலஞ்சு தடவை படுக்கை நனைஞ்சது. கதவுகிட்ட நின்ன நான், அடுப்படி வரைக்கும் பின்வாங்க மூணு வாரம் ஆச்சு.

ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். தூங்கின ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கத்திக்கிட்டே எழுந்து, உங்களையே அடையாளம் தெரியாம முழிச்சு, காலையில எதுவும் ஞாபகம் இல்லைன்னா அது வேற. நைட் டெரர்னு பேரு. உலுக்கி எழுப்பாதீங்க, கீழ விழாம பார்த்துக்கிட்டா போதும். ஆனா பயம் மாசக்கணக்கா போனாலோ, பகல்லயும் ஸ்கூலுக்குப் போக அடம்பிடிச்சாலோ டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க. வரும்போது "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுருவாரு"ன்னு மட்டும் மிரட்டாதீங்க, புண்ணியமா போகும். பூச்சாண்டி லிஸ்ட்ல ஏற்கனவே எங்க பேரு முதல்ல இருக்கு.

செய்யப் போறவங்களுக்கு: மூணு வயசுக்குக் கீழ இருந்தா கண்ணுக்கு பட்டன் வேண்டாம், பிச்சு வாயில போட்டுரும். மார்க்கர்ல வரைஞ்சுருங்க. அழுக்கானா தண்ணியில முக்காதீங்க, இலவம்பஞ்சு கட்டி கட்டியா ஆயிடும். மொட்டை மாடியில வெயில்ல போட்டு எடுத்தா போதும்.