பஸ் போர்டில் இருக்கும் 'லா' யார்?

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்றால் லாஸ்பேட்டை போகும் டவுன் பஸ்ஸோ டெம்போவோ வந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் கடற்கரைக் கூட்டமும் மஞ்சள் சுவர்களும் பின்னால் போய்விடும். தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு பாலிடெக்னிக், விமான நிலையம் என்று நகரத்தின் வடக்குப் பக்கம் விரியும். ஹெலிபேடு மைதானத்தில் காலையில் நடப்பவர்கள் உண்டு, மாலையில் கிரிக்கெட் ஆடுபவர்கள் உண்டு. சுற்றுலாப் பயணி அதிகம் வராத, புதுச்சேரிக்காரர்கள் குடியிருக்கும் புதுச்சேரி இது.

லாஸ்பேட்டை என்ற பெயரில் உள்ள 'லா' ஒரு குடும்பப் பெயர். 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நான்கு வருடம் கழித்து, 1765-ல், நகரம் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியபோது கவர்னராக வந்தவர் ழான் லா தெ லொரிஸ்தோன். இடிபாடுகளின் மேல் நகரத்தை மறுபடி எழுப்பியது அவர் காலத்தில்தான். பேட்டையின் பெயரில் இருப்பவரும் அவரே.

அவருடைய பெரியப்பா இவரைவிடப் பிரபலம். பெயர் ஜான் லா. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு பொற்கொல்லரின் மகன், கணக்கில் புலி, சூதாட்டத்தில் அதைவிடப் பெரிய புலி. லண்டனில் வாள்சண்டையில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனை பெற்று, சிறையிலிருந்து தப்பியவர். அப்படிப்பட்டவரிடம்தான் பிரான்ஸ் தன் கஜானா சாவியைக் கொடுத்தது! 1716-ல் பாரீசில் வங்கி தொடங்கி, தங்கத்துக்குப் பதிலாகக் காகிதப் பணத்தைப் புழங்கவிட்டார். 1719-ல் பிரான்சின் கடல் வணிகக் கம்பெனிகளையெல்லாம் ஒன்றாக இணைத்தார். 500 லிவ்ருக்கு விற்ற பங்கு பத்தாயிரத்தை நெருங்கியது. அடுத்த வருடமே எல்லாம் சரிந்தது. லா நாட்டைவிட்டு ஓடி, 1729-ல் வெனிஸ் நகரத்தில் இறந்தார்.

ஆனால் அவர் இணைத்த கம்பெனி சாகவில்லை. புதுச்சேரியைத் தன் கையில் வைத்திருந்த அந்த இந்தியக் கம்பெனி, 1721-ல் ஆப்பிரிக்காவின் கிழக்கே, இந்துமாக்கடலில் ஒரு தீவின் நிர்வாகத்தையும் ஏற்றுக்கொண்டது. டச்சுக்காரர்கள் குடியேறிப் பார்த்து, சரிப்படாது என்று விட்டுப்போன தீவு. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'இல் தெ பிரான்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்று அது மொரீஷியஸ்.

ஆளில்லாத தீவில் துறைமுகம் கட்ட வேண்டும். கொத்தனார், தச்சர், கொல்லர் எங்கே கிடைப்பார்கள்? கம்பெனியின் இன்னொரு ஊரில்தான் நிறைய இருந்தார்களே! புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் கப்பலேறினார்கள். 1735-ல் கவர்னரான லாபூர்தொனே காலத்தில் போர்ட் லூயி நகரம் எழுந்ததில் அவர்கள் உழைப்பு பெரியது. அவர்கள் குடியிருந்த பகுதியை 'மலபார் முகாம்' என்றே அழைத்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தமிழர்களெல்லாம் 'மலபார்'தான்.

போனவர்கள் எல்லோரும் கூலி பேசிப் போனவர்கள் அல்ல. மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டதைப் போலவே, நம் கரையிலிருந்தும் ஆட்கள் விற்கப்பட்டார்கள். அப்பாவிகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து, கப்பலுக்கு விற்ற கதையை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே படிக்கலாம்.

1810-ல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1835-ல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முந்தைய வருடமே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். 1920 வரை வந்தவர்கள் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். பெரும்பாலோர் பீகார் பக்கத்தவர்கள்; தமிழ்நாட்டிலிருந்தும் கணிசமானோர் போனார்கள். அவர்கள் இறங்கிய 'அப்பிரவாசி காட்' படித்துறையை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று அங்குள்ள தமிழ் வம்சாவளியினர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல் மொழி. ஆனால் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. வாழையிலையில் ஏழு வகைக் கறி பரிமாறி, அதை 'செத் காரி' என்கிறார்கள். பெயர்களைத்தான் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். ரங்கநாதன் அங்கே 'ரெங்கநாடென்', சீனிவாசன் 'சீனிவாசென்'. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் வேலை இது. தாத்தாவின் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது.

அந்த ரெங்கநாடென் சீனிவாசென் முகம்தான் மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டில் இருக்கிறது. அந்நாட்டு நோட்டில் தமிழ் எழுத்தும் உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. 1998-ல் புது நோட்டு அடித்தபோது, வழக்கமாக இந்திக்கு முன்னால் வரும் தமிழைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். "முதலில் வந்து இறங்கியவர்கள் நாங்கள்" என்று தமிழர்கள் எதிர்ப்புக் கிளப்ப, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. வரிசை மாறியதற்கு இவ்வளவா என்று நமக்குத் தோன்றலாம். துறைமுகத்துக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அப்படித் தோன்றவில்லை.

மொரீஷியஸ் 1968 மார்ச் 12-ல் சுதந்திரம் பெற்றபோது, அது உருப்படும் என்று நம்பியவர்கள் குறைவு. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட், 1961-லேயே எச்சரித்திருந்தார்: மக்கள்தொகை ஏறுகிறது, வேலை இல்லை, கரும்பைவிட்டால் வேறு பிழைப்பில்லை. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். ஒரு புயல் அடித்தால் ஒரு வருட வருமானம் போச்சு.

அந்த நாட்டின் ஆரம்ப கால நிதியமைச்சர் வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சாவளிக்காரர்; 1992-ல் நாடு குடியரசானபோது முதல் ஜனாதிபதியும் அவரே. 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக்கு விற்கும் தொழிற்சாலைக்கு இயந்திரமும் மூலப்பொருளும் வரியில்லாமல் இறக்கலாம். ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள், ஸ்வெட்டர் ஆலைகள் எழுந்தன. அதுவரை வயலிலும் வீட்டிலும் சம்பளம் பார்க்காத பெண்கள் ஆயிரக்கணக்கில் மாதச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். கரும்பையும் கைவிடவில்லை. 1975 முதல் ஐரோப்பா உறுதியான நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கியது. அந்த லாபம் ஆலைகளுக்கும் கடற்கரை ஹோட்டல்களுக்கும் போனது.

அந்த வசதியும் நிலைக்கவில்லை. 2004 முடிவில் உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை போய், பல ஆலைகள் மூடின. 2009-ல் சர்க்கரை உத்தரவாதமும் முடிந்தது. அதற்குள் மொரீஷியஸ் வங்கி, நிதிச் சேவை, கம்ப்யூட்டர் துறை என்று கால் வைத்திருந்தது. எபேன் சைபர் சிட்டி இந்தியக் கடனுதவியோடு எழுந்தது. 1983 முதல் இருந்த வரி ஒப்பந்தத்தால், நம் பங்குச் சந்தைக்கு வந்த அந்நியப் பணத்தில் பெரும்பகுதி 'மொரீஷியஸ் வழி'யாகவே வந்தது. பல நிறுவனங்கள் அங்கே வெறும் முகவரிதான். வரி ஏய்ப்புக்கு வழி என்று இங்கே கோபம் வலுத்து, 2016-ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. காகிதத்தில் பணம் பண்ணுவதில் ஜான் லாவின் ஆவி அந்தத் தீவை விடவில்லை போலும்!

2020-ல் உலக வங்கி மொரீஷியஸை உயர் வருமான நாடு என்று அறிவித்தது. அதே வருடம் கொரோனா வந்து சுற்றுலா முடங்க, அடுத்த வருடமே பட்டியலிலிருந்து இறக்கியது. ஆனாலும் 1961-ல் பயந்த நிலை எங்கே, இது எங்கே.

மொரீஷியஸின் மக்கள்தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல். 2011 கணக்குப்படி புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அதுவே. தனி நாட்டுக்கு இருக்கும் சட்ட உரிமை யூனியன் பிரதேசத்துக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஜவுளி இரண்டு ஊருக்கும் பொது. புதுச்சேரியில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் ஓடவில்லை. அவற்றின் இடத்தில் அதே அளவுக்கு வேலை தரும் எதுவும் வரவில்லை. மதுக்கடை வருமானமும் சனி, ஞாயிறு கூட்டமும் அரசுக்குப் பணம் தரும். பாலிடெக்னிக் முடித்த பிள்ளைக்கு வேலை தராது. லாஸ்பேட்டையில் படித்து முடித்தவர்கள் பலர் ஈ.சி.ஆர். ரோட்டில் நின்று சென்னை பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார்கள்.