சோற்றின் பதம்

குவாஹாட்டிக்குப் பணிமாற்றம் பெற்று வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, அண்டை வீட்டு அசாமிய அம்மையாரை விருந்துக்கு அழைத்திருந்தது. பால்போல் வெண்மையாக இருந்த அரிசியைச் சந்தையில் கண்டு, அதுவே உயர்ந்ததென எண்ணி வாங்கி வந்தார் இல்லத்தலைவி. உலையிலிட்டு வேகவைத்துப் பானையைத் திறந்தபோது சோறு பொலபொலவென உதிரவில்லை. களிபோல் ஒரே திரளாக நின்றது. சாம்பார் ஊற்றிப் பிசையவும் இயலவில்லை.

“ஏனம்மா, சோறு வடிக்கும் பக்குவம் மறந்துபோயிற்றா?” என்றார் மாமியார். இருபது ஆண்டுகள் உலை வைத்துப் பழகியவர், விருந்தினர் முன் தலைகுனிந்தார்.

விருந்தினரோ ஒரு கவளம் உண்டு புன்னகைத்தார். “இது போரா அரிசி. தயிரும் வெல்லமும் சேர்த்து உண்பது எங்கள் வழக்கம். பிழை உங்கள் கையில் இல்லை” என்றார்.

அவர் கூறியது உண்மையே. அரிசியின் பெரும்பகுதி மாவுப்பொருள். அதில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இருவகை மூலக்கூறுகள் உள்ளன. முன்னது நீண்ட இழை போன்றது. பின்னது பல கிளை விட்ட மரம் போன்றது. அமைலோஸ் 25 விழுக்காட்டுக்கு மேல் இருப்பின் சோறு உதிரியாக அமையும், ஆறியதும் விறைக்கும். 20 முதல் 25 விழுக்காடு வரை இருப்பின் உதிரியாகவும், ஆறிய பின்னும் மென்மையாகவும் இருக்கும். போரா அரிசியிலோ அமைலோஸ் மிகமிகக் குறைவு. ஆதலால் அது ஒட்டுகிறது. அதன் பால்வெண்மையும் அவ்வியல்பின் அடையாளமே.

மாவுப்பொருள் நீரை ஏற்றுப் பசையாகும் வெப்பநிலையும் நெல்லுக்கு நெல் வேறுபடும். அது ஏறத்தாழ 55 முதல் 79 டிகிரி செல்சியஸ் வரை அமையும். அது உயர்ந்தால் வேகும் நேரமும் நீளும். அரிசியின் அகவையும் பதத்தை மாற்றும்; புதிய அரிசி குழையும், பழைய அரிசி உதிரும்.

விளைச்சல் மட்டும் போதாது என்பதை உழவர் உலகமும் உணர்ந்தது. 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 நெல் களஞ்சியங்களை நிரப்பியது. ஆயினும் அமைலோஸ் மிகுந்த அதன் சோறு ஆறியதும் விறைத்ததால் உண்போர் பலர் விரும்பவில்லை. 1985-இல் வந்த ஐ.ஆர்.64 இடைநிலை அமைலோஸ் கொண்டது. அதனால் வயலிலும் வட்டிலிலும் ஒருங்கே இடம்பெற்றது.

அசாமில் கோமல் அரிசி என்றொரு வகையும் உண்டு. அமைலோஸ் குறைந்த நெல்லை முன்னரே புழுக்கி உலர்த்தி அதனை ஆக்குவர். பின்னர் அதற்கு அடுப்பே வேண்டா. நீரில் ஊறவைத்தாலே மென்மையாகிவிடும். வயலுக்குச் செல்வோர்க்கு அது எளிய உணவு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆயின் ஓர் ஊர்ச் சோற்றின் பதத்தைக் கொண்டு மற்றோர் ஊர்ச் சோற்றை அளத்தல் ஆகாது. ஒவ்வொரு நிலத்தாரும் தம் நெல்லுக்கு ஏற்பவே சமையலையும் சுவையையும் அமைத்துக்கொண்டனர்.

மறுநாள் காலை, இரவெல்லாம் ஆறியும் விறைக்காதிருந்த அந்தச் சோற்றில் இல்லத்தலைவி தயிரும் வெல்லமும் சேர்த்துப் பரிமாறினார். மாமியார் ஒன்றும் பேசாமல் உண்டார். பின்பு கிண்ணத்தை நீட்டி, “இன்னும் சிறிது இடம்மா” என்றார்.