வெளிறிப்போன தாள்

1998ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் முகத்துவாரத்திலே எங்கள் ஒழுங்கை சுற்றிவளைக்கப்பட்டது. களனி கங்கை கடலோடு கலக்கும் இந்த மூலையில் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும், தமிழரும் சிங்களவரும், ஒரே குழாயடியில் வாளியோடு நிற்பவர்கள். அன்றிரவு மட்டும் தமிழர் தனி வரிசையில் நிறுத்தப்பட்டனர். என் பக்கத்து அறையில் தங்கிப் படித்த மட்டக்களப்புப் பையன் அடையாள அட்டையைத் தொலைத்திருந்தான். கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் அவன் தாயார், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பாடசாலை அதிபரின் கடிதத்தையும் ஊரிலிருந்து தொலைநகலில் அனுப்பினார். அளுத்மாவத்தைக் கடையொன்றில் இயந்திரம் வழவழப்பான தாளைச் சுருளாகத் தள்ளிற்று. பொலிஸ் அதிகாரி அதன் உச்சியில் அச்சாகியிருந்த எண்ணையும் நேரத்தையும் உற்றுப் பார்த்தார். பையன் மாலையில் வெளியே வந்தான். அந்தத் தாளை அவன் என்னிடமே விட்டுவிட்டுப் பின்னர் கனடா போய்ச் சேர்ந்தான்.

2018இல் தாயார் இறந்தார். மிச்சம் சிறு சேமிப்பும் ஒரு துண்டுக் காணியும். "சேர், நீங்கள்தான் பார்க்க வேணும்" என்று அங்கிருந்து பேசினான். பழைய தாளைத் தேடி எடுத்தேன். ஓர் எழுத்துக்கூட இல்லை! சூட்டினால் கறுக்கும் பூச்சுப் பூசிய தாள் அது. காலமும் வெக்கையும் அதை வெறுமையாக்கிவிட்டன.

அவன் பத்திரத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினான். முத்திரையின் நிறம்கூடத் தெளிவாயிருந்தது. அச்சிட்டுக் கொண்டுபோனேன். அலுவலகக் கருமபீடத்தில் இருந்தவர், "இதைக் கணினியில் யாரும் செய்யலாம், பாக்ஸ் பண்ணச் சொல்லுங்கள்" என்றார். நான் அதே அச்சுப் பிரதியை ஒரு கடையிலிருந்து அதே அலுவலகத்துக்குத் தொலைநகலில் அனுப்பினேன். பாதி கறுத்துப்போய்ச் சேர்ந்த அந்தப் பிரதி கோவையில் ஏறிற்று. உச்சியில் தோன்றும் எண்ணை அனுப்புகிறவனே இயந்திரத்தில் பதித்துவைக்கிறான் என்பதை அவருக்கு யார் சொல்வது?

சட்டம் இந்தப் பேதத்தைப் பாராட்டவில்லை. ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996இல் வகுத்த மாதிரிச் சட்டம் தந்தி, டெலக்ஸ், தொலைநகல், மின்னஞ்சல் யாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தது. அதனை அடியொற்றிய எமது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், மின்வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக எதன் வலிமையையும் மறுக்கலாகாது என்கிறது. பழக்கம் சட்டத்தைவிட மெதுவாகவே நடக்கிறது போலும்.

காணி விஷயம் வேறு. புதுக்கடைச் சட்டத்தரணி ஒருவர் விளக்கினார்: மரணசாதனமும், அற்றோர்ணித் தத்துவமும், காணி விற்பனை ஒப்பந்தமும் அச்சட்டத்துக்குப் புறம்பானவை. காணி கைமாற நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டுமென்ற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆகவே தொலைநகலும் ஆகாது, ஸ்கேனும் ஆகாது. இதில் எனக்குச் சண்டையில்லை. கள்ள உறுதியால் முதலில் நிலம் இழப்பவன் ஏழைதான். பையன் ஒரு நாட்கூலியை இழந்து, சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டு, அசலைத் தபாலில் அனுப்பினான்.

என் வழக்கு அசல் இல்லாதவர்களைப் பற்றியது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச்சட்டம் மூலப் பத்திரத்தையே முதலில் கேட்கிறது. அது தொலைந்தால் அல்லது அழிந்தால் பிரதியை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. ஆயினும் தொலைந்ததை நிரூபிக்கும் சுமை தொலைத்தவன் தலையில். 1983 யூலையில் வீட்டோடு பெட்டி எரிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே எத்தனை பேர்! இரும்புப் பெட்டி வைத்திருப்பவனை மனதிற்கொண்டு எழுதிய விதியல்லவா அது?

2019இல் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கோவையிலுள்ள பிரதி வாசிக்க முடியாமல் மங்கிவிட்டதாம். திரும்பவும் பாக்ஸ் பண்ண வேண்டுமாம். மின்னஞ்சலைத் திறந்தேன், பத்திரம் அப்படியே இருந்தது. அச்சிட்டு எடுத்துக்கொண்டு மீண்டும் அளுத்மாவத்தைக்கு நடந்தேன்.